சிவந்த அரிவாள், மூன்று கறுப்புப் பொட்டு

அத்தியாயம் 6

“க்கா, வெயில்ல ரொம்ப நேரம் நின்னா சாமியோட அரிவாளுக்கும் தோலு சிவக்குமா?”

முன்னால் நின்ற நான்கு பெண்கள் திரும்பி ஷங்கரை முறைத்தார்கள். அவன் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டான். துப்பறியும் தொழிலில் ஆறு வருடம் இருந்து அவன் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: வாய் முந்திவிட்டால் கை பிந்தக் கூடாது.

அரிவாள் உண்மையிலேயே சிவந்துதான் இருந்தது. புக்கிட் ஹிஜாவ் எஸ்டேட் முனியாண்டி கோயில் வாசலில், சிமெண்டு மேடையில் நட்டிருந்த ஒன்றரை முழ அரிவாள் அது. மூன்று நாளைக்கு முன்புவரை உலகத்து அரிவாள்களைப் போலக் கறுப்பாக இருந்தது. இப்போது புதுச் செப்புக்குடம் மாதிரி தகதகத்தது. மூன்றே மூன்று இடத்தில் மட்டும், ஐம்பது காசு அகலத்துக்குப் பழைய கறுப்பு வட்டவட்டமாக மிஞ்சியிருந்தது.

“மூணு கண்ணு! முனி மூணு கண்ணயும் தொறந்துட்டாரு!” என்று ஒருத்தி குலவையிட்டாள்.

ஷங்கருக்குப் பக்கத்தில் நின்ற வள்ளிநாயகி குலவையிடவில்லை, கும்பிடவும் இல்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மீன் கடையில் செவுளைப் பார்ப்பவள் போல அரிவாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரம்பானில் டயர் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு மின்விசிறி, ஷங்கர் என்கிற உதவியாளன். இவைதான் அவளுடைய துப்பறியும் நிறுவனத்தின் மொத்தச் சொத்து. மூன்றில் மின்விசிறி மட்டும்தான் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யும் என்பாள்.

நேற்று அந்த அறைக்குத் திலகா படியேறி வந்தாள். அவள் கணவன் தேவன் இந்தக் கோயிலைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்பவன். செவ்வாய்க்கிழமை இரவு முனியாண்டியின் வெள்ளிக் கவசமும் வாசல் அரிவாளும் காணாமல் போயின. கம்பிக் கதவின் பூட்டில் ஒரு கீறல் கூட இல்லை. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று தேவனிடம் இருந்தது. மற்றொன்று மூன்று வருடத்துக்கு முன் வெள்ளத்தில் போய்விட்டதாகக் கமிட்டி நோட்டிலேயே எழுதியிருக்கிறது. அப்புறம் என்ன யோசனை? தேவன்தான் திருடன் என்று தீர்த்து, அவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஆறு மணிப் படையலுக்குள் கவசம் வரவில்லை என்றால் அவன் பெயரில் போலீஸ் ரிப்போர்ட். தேவன் நீலாயில் ஒரு மாணவர் விடுதிக்குக் காவலாளி. போலீஸில் பேர் விழுந்தால் அடுத்த நாளே வேலை போய்விடும்.

நேற்றுக் காலை அரிவாள் மட்டும் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது, சிவப்பாக. இன்று வெள்ளி. மணி பதினொன்று.

“தொடாதீங்கமா! தொட்டா கோவம் கூடிரும்!” கழுத்தில் விசிலோடு ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கமிட்டிச் செயலாளர் நல்லசாமி. முப்பது வருடம் மண்டோராக இருந்து தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திய பழக்கம், ஓய்வு பெற்றும் ஓயவில்லை. சாமி கும்பிடுகிறவர்களுக்கும் ஆள் எண்ணும் காலைப் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தார். “அநியாயம் நடந்துருச்சுல்ல? அந்தக் கோவம்தான் ரத்தமா ஏறி நிக்குது.”

“அண்ணே, அரிவாளுக்கு வழக்கமா எத்தனை பொட்டு வைப்பாங்க?” என்று வள்ளி கேட்டாள்.

“மூணு. குங்குமத்த நல்லெண்ணெய்ல கொழச்சு அந்தத் தேவன் பயதான் அப்புவான்.”

“எந்த எடத்துல?”

நல்லசாமி அந்தக் கறுப்பு வட்டங்களை விரலால் காட்டினார். காட்டிவிட்டு, “அதான் கண்ணு தொறந்த எடம்,” என்று கண் சிமிட்டாமல் சொன்னார்.

காருக்குள் ஏறியதும் வள்ளி சிரித்தாள். “செனவாங்ல முலாம் பூசுற ஃபேக்டரியில பன்னெண்டு வருஷம் குப்ப கொட்டுனேன், ஷங்கர். எண்ணெய் பட்ட எடத்துல முலாம் ஏறாது. இப்படிப் புள்ளி விழுந்த சாமானத்த ரிஜெக்ட்னு தூக்கிப் போட்டுருவோம்.”

“முனியாண்டி ரிஜெக்ட் பீஸா? மெதுவா பேசுங்கக்கா, கார் கண்ணாடி எறங்கியிருக்கு.”

“செம்பு கரைஞ்ச தண்ணியில இரும்பு கெடந்தா செம்பு தானா அது மேல ஏறிக்கும். கரண்டு கூட வேணாம். அரிவாள் அந்த மாதிரி ஏதோ ஒரு தண்ணியில கெடந்திருக்கு. அதுவும் ஒரு ராத்திரிக்கு மேல.”

“இந்த எஸ்டேட்ல குழாய்த் தண்ணியே வாரத்துல மூணு நாளுதான் வருது. செம்புத் தண்ணிக்கு எங்க போவான்?”

“அதைக் கல்லு தெரிஞ்சவன்கிட்ட கேக்கணும்.”

கல் தெரிந்தவன் தம்பின் ஊர்ச் சந்தையில், கோழிக்கடைக்கும் கைப்பேசி உறைக் கடைக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை போட்டிருந்தான். பெயர் முகுந்தன். நிலவியலில் பட்டம் வாங்கியவன். அந்தப் பட்டம் இப்போது மேசைக்கு அடியில், கல் சுற்றும் பழைய தாள்களோடு கிடந்தது. மேலே பலகையில் ‘உங்கள் ராசிக்கு உங்கள் கல்’ என்று எழுதியிருந்தான்.

“பிரதர், நான் விருச்சிகம்,” என்றான் ஷங்கர்.

“உங்களுக்கு எதுவும் சரிவராது,” என்று சொல்லிவிட்டு முகுந்தன் வள்ளியிடம் திரும்பினான்.

செம்புத் தண்ணீரைப் பற்றி அவள் கேட்டதும் அவன் முகமே மாறிவிட்டது. ராசியை விட்டுவிட்டுக் கல்லைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் மனிதன் பாதி விலைக்கு உயிரையே கொடுப்பான் போலிருந்தது. மேசைக்கு அடியிலிருந்து மூன்று கற்களை எடுத்து வைத்தான். ஒன்று பச்சை. ஒன்று நீலம். மூன்றாவது தங்கம்.

ஷங்கர் தங்கத்தை எடுத்துக் கையில் உருட்டினான்.

“ஆசப்படாதீங்க,” என்றான் முகுந்தன். அதை வாங்கி, மெருகில்லாத ஓட்டுச் சில்லின் முதுகில் ஒரு தேய்ப்புத் தேய்த்தான். தங்கமாக இருந்தால் கோடு மஞ்சளாக விழும். விழுந்தது பச்சையும் கறுப்புமாகக் கரிக்கோடு. “மேல தங்கம், உள்ள செம்பும் இரும்பும் கந்தகமும். இதான் மூலக்கல்லு. மழைத் தண்ணி பாறை இடுக்குல எறங்கி இதை ஊறவச்சு ஊறவச்சுக் கரைக்கும். கரைஞ்ச செம்பு வழியில ஒட்டிக்கிட்டா பச்சைக் கல்லு, நீலக் கல்லு. ஒட்டாம ஓடுனா தண்ணியே நீலமாயிரும்.”

“இந்த மூணும் எங்க பொறுக்குனீங்க?”

“புக்கிட் ஹிஜாவ்லதான்கா. மலாய்ல பச்சை மலைன்னு மரத்தப் பாத்தா பேரு வச்சான்? பாறையப் பாத்து வச்சான். செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னாடி வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கம் இருக்கு. ஈயம் கெடைக்கும்னு தோண்டுனான், செம்பு வந்துச்சு. அதுவும் கொஞ்சமா வந்துச்சு. போட்டுட்டுப் போயிட்டான்.” அவன் பையிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்தான். சுத்தியல் தலை அரிவாள் மாதிரியே சிவந்திருந்தது. “உள்ள ஒரு குட்டை இருக்கு. முத தடவ போனப்ப இத தவற விட்டேன். மறுவாரம் எடுத்தா இப்படி.”

அந்தக் குட்டைத் தண்ணீர் ஒரு போத்தலில் இருந்தது. வள்ளி ஷங்கரிடம் கையை நீட்டினாள். “ஆணிய கொடு.”

ஷங்கர் தயங்கினான். போன மாதம் கார் டயரில் ஏறிய ஆணி அது. சாலையில் தேய்ந்து பளபளத்துப் போனதைப் பிடுங்கி, ராசியான ஆணி என்று சட்டைப் பையில் வைத்திருந்தான். டயரில் ஏறிய ஆணி எப்படி ராசியானது என்று கேட்டால், கண்ணில் ஏறவில்லையே என்பான்.

ஆணி தண்ணீரில் இறங்கியது. அவன் ஒரு ஐஸ் கோப்பி குடித்து முடிப்பதற்குள் அதன் பாதி உடம்பு செம்பாகிவிட்டது.

“சாமி ஆயிருச்சு,” என்றான் ஷங்கர். பிறகு வள்ளியின் காதருகே குனிந்தான். “க்கா, ஆளு இவன்தான். சுரங்கம் இவனுக்குத் தெரியும், குட்டை தெரியும், கையில சிவப்புச் சுத்தியல் வேற. காருல ஏத்தி நேரா ஸ்டேஷனுக்கு ஓட்டவா?”

“தண்ணி இரும்ப என்னா பண்ணும்னு தெரிஞ்சவன் அதுக்குள்ள அரிவாள போடுவானா? திருடுனவனுக்குச் சுரங்கம் தெரியும், தண்ணி தெரியாது.”

இரண்டு மணிக்கு மூவரும் மலை ஏறினார்கள். செம்பனை வரிசை முடிந்த இடத்தில் லாலான் புல் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதன் நடுவே ஓர் ஆள் போகும் அளவுக்கு யாரோ வெட்டி வழி எடுத்திருந்தார்கள். வெட்டிய புல் காய்ந்து சுருண்டிருந்தது.

“சாமி அரிவாள தூக்கிட்டு வந்து புல்லு வெட்டியிருக்கான்,” என்றான் ஷங்கர். “போற வழிக்கு ஒண்ணு வேணும்னு எடுத்தான் போல. இவன் நரகத்துக்குப் போனா அங்கயும் புல்லு வெட்ட வைப்பாங்க.”

சுரங்க வாய் குனிந்துதான் நுழையலாம். முகுந்தன் விளக்கை அடித்ததும் ஷங்கர் பேச வந்ததை மறந்துவிட்டான். அது வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். கருங்கல் சுவரில் ஒரு கை அகலத்துக்கு வெள்ளைப் பளிங்குப் பட்டை சரிவாக இறங்கியது. அந்தப் பட்டையை ஒட்டிப் பச்சை, கோயில் கோபுரத்தில் சாயம் வழிந்த மாதிரி. பச்சைக்குள் அங்கங்கே நீலத் திட்டுகள். கூரையிலிருந்து சொட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. அவை விழுந்த இடத்தில் ஒரு குட்டை, வானத்தைத் துண்டு போட்டு உள்ளே ஒளித்து வைத்தது போல.

முகுந்தன் முதல் வேலையாகச் சுத்தியலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, தண்ணீருக்கு எட்டாத கல்லின் மேல் வைத்தான். வள்ளி ஷங்கரைப் பார்த்தாள். ஷங்கர் கூரையைப் பார்த்தான்.

குட்டையின் ஓரத்தில் ஒரு கோணிச் சாக்கு கல்லுக்கடியில் செருகியிருந்தது. முகுந்தன் கம்பு விட்டு இழுத்தான். சாக்கின் ஒரு பக்கம் அரிவாள் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே முனியாண்டியின் மார்புக் கவசம், மீசை முறுக்கிய சிங்க முகத்தோடு.

கவசம் சிவப்பாக இருந்தது.

“ஐயய்யோ, இது செம்பு!” ஷங்கர் கத்தியதில் வௌவால்கள் கலைந்தன. “க்கா, எனக்குப் புரிஞ்சுருச்சு. இதைக் கொடுத்தது கமிட்டித் தலைவர் சோலையப்பன். மூணு கிலோ வெள்ளின்னு ஊரெல்லாம் பேனர் கட்டுனாரு. செம்புல வெள்ளி முலாம் பூசிக் கொடுத்திருக்காரு. முலாம் போயிரும்னு பயந்து அவரே தூக்கிட்டாரு. கேஸ் முடிஞ்சுச்சு!”

வள்ளி கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு துண்டில் சுற்றினாள்.

“முடிஞ்சுருச்சாக்கா?”

“பாதி. இது கெடைச்சதப் பத்தி அங்க ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. ஒன்னால முடியுமா?”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம்.”

“கஷ்டம்தான். முயற்சி பண்றேன்.”

நான்கு மணிக்குக் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் கமிட்டி கூடியது. ஏழு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வாளி நிறைய மைலோ பானம். நடு நாற்காலியில் சோலையப்பன், சிரம்பானில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்து வாரிசு. அவர் செருப்பில் எஸ்டேட் மண் ஒரு பொட்டு இல்லை. மலைக்கு ஏறியிருக்கக் கூடிய செருப்பு அது இல்லை என்பது ஷங்கருக்கு உறுத்தியது. இன்னொரு செருப்பு இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டான். ஓரத்தில் தேவன் காவலாளிச் சீருடையோடு நின்றான். இரவு வேலைக்குப் போகவேண்டியவன். அந்தச் சீருடை நாளைக்கும் உடம்பில் இருக்குமா என்பது இன்னும் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். திலகா அவன் சட்டைக் கையைப் பிடித்தபடி வள்ளியையே பார்த்தாள். வள்ளி உதட்டைப் பிதுக்கினாள். திலகாவின் முகம் விழுந்ததைப் பார்த்து ஷங்கருக்கு வாய் நமநமத்தது. மைலோவை ஊற்றி வாயை நிரப்பிக்கொண்டான்.

“கெடைக்கலல்ல? ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போயிரலாம்,” என்றார் சோலையப்பன்.

“போங்கய்யா,” என்றாள் வள்ளி. “ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. கவசம் போச்சு, அதைக் கொடுத்த பேரு போகக் கூடாது. சோலையப்பன் ஐயா மூணு கிலோ வெள்ளி கொடுத்தாருன்னு வாசல்ல ஒரு கல்வெட்டு வைங்க. இனிமே வருஷா வருஷம் முத மரியாதை ஐயா குடும்பத்துக்குத்தான்னு அதுலயே வெட்டிருங்க.”

சோலையப்பன் வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினார். ஆட்டிய கை வேண்டும் என்றது. மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

நல்லசாமியின் விசில் நெஞ்சில் ஏறி இறங்கியது. முப்பது வருடம் இந்தக் கோயிலுக்குக் கொடி கட்டியவர் அவர். முதல் மரியாதையை ஒருமுறை கூடக் கண்ணில் கண்டதில்லை. “கல்வெட்டா?” என்றார். நிறுத்தியிருக்கலாம். “ஒரு செம்புத் தகட்டுக்குக் கல்வெட்டா?”

நாற்காலிகள் அவர் பக்கம் திரும்பின.

“என்னா சொன்னீங்கண்ணே?” என்று வள்ளி மெதுவாகக் கேட்டாள்.

“வெள்ளியாம் வெள்ளி! மேல பூச்சு, உள்ள பூரா செம்பு. அதுக்கு மால, பேனர்!”

“திங்கக்கெழம அபிஷேகத்துல எல்லாரும் பாத்தாங்க. பாலு மாதிரி வெள்ளையா இருந்துச்சு. அதுக்கப்புறம் அதை யாருமே பாக்கல. தூக்குன ஆளத் தவிர.” வள்ளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். “அது செவப்புன்னு ஒங்களுக்கு யாருண்ணே சொன்னா?”

நல்லசாமியின் கை விசிலுக்குப் போனது.

“இப்பப் பேசலாமா?” என்றான் ஷங்கர். ஒரு மணி நேரம் ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வள்ளி தலையசைத்ததும் காருக்கு ஓடி, துண்டை எடுத்து வந்து மேசையில் பிரித்தான். சிங்கம் சிவப்பாக முறைத்தது. சோலையப்பன் எழுந்தே விட்டார். “இது என்னோடது இல்ல! நான் கொடுத்தது சுத்த வெள்ளி! எவனோ மாத்திட்டான்!”

“ஆணி,” என்றாள் வள்ளி.

ஷங்கர் தன் ராசியான ஆணியை எடுத்துக் கவசத்தின் முதுகில் ஒரு கோடு இழுத்தான். சிவப்புக்கு அடியில் வெள்ளை மின்னியது. இன்னும் அழுத்தி இழுத்தான். அதற்கு அடியிலும் வெள்ளை. மதியம் ஓட்டில் தேய்த்த கல்லுக்கு நேர் எதிர். அவன் ஜோடித்து வைத்திருந்த கேஸ் அந்தக் கோட்டில் செத்துப் போனது.

“வெள்ளி தனியா கெடந்தா அந்தத் தண்ணியில ஒண்ணும் ஆகாது,” என்றாள் வள்ளி. “இரும்பத் தொட்டுக்கிட்டுக் கெடந்தா இரும்புல ஏறுற செம்பு வெள்ளி மேலயும் ஏறிரும். எங்க ஃபேக்டரியில தொட்டிக்குள்ள ஒரு இரும்புக் கொக்கி விழுந்தா அன்னிக்குச் சூப்பர்வைசர் அழுவாரு. ரெண்டையும் ஒரே சாக்குல போட்டதுதான்ணே தப்பு. அரிவாள் செவந்ததுக்கு முனியோட கோவம்னீங்க. கவசம் செவந்ததுக்கு ஐயாவோட ஏமாத்துன்னீங்க. ரெண்டும் ஒரே தண்ணி.”

நல்லசாமி நாற்காலியில் சரிந்தார். திருட எண்ணமே இல்லை என்றார். படையலில் அருள் வந்து ஆடி, கூட்டத்தை இழுத்துக்கொண்டு மலைக்கு ஓடி, குட்டையில் கைவிட்டுக் கவசத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். அப்புறம் முதல் மரியாதை யாருக்கு என்று யார் கேட்கப் போகிறார்கள்? புதன் ராத்திரி ஒத்திகைக்குப் போய்ச் சாக்கைப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே சிவந்து கிடந்தன. சிவந்த அரிவாளை வீட்டில் வைக்கப் பயம், குட்டையில் விடவும் பயம். விடிவதற்குள் ஓடிவந்து நட்டுவிட்டார்.

“ஒங்க ஆட்டத்துக்கு எம் புருஷன் பேருதான் கெடச்சிச்சா?” என்றாள் திலகா.

நல்லசாமி அவள் பக்கம் திரும்பவில்லை. “அப்ப முனி கோவிச்சுக்கவே இல்லியாமா?” என்று வள்ளியிடம் கேட்டார். குரலில் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம்.

“அது எங்க டிபார்ட்மென்ட் இல்லண்ணே,” என்றான் ஷங்கர்.

சிவப்பை எடுக்கச் சிரம்பான் ஆசாரிக்கு ஒரு நாள் போதும், ஆனால் படையலுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. சிவப்பாகவே சாத்துவது என்று முடிவானது. போலீஸ் ரிப்போர்ட்டுக்கு எழுதி வைத்திருந்த தாளைச் சோலையப்பன் நான்காக மடித்து மைலோ வாளிக்கு மூடியாக வைத்தார். வெளியே செய்தி பரவிவிட்டது. ஆனால் பரவியபோது தண்ணீரும் கொக்கியும் வழியில் உதிர்ந்துபோய், கவசமும் சிவந்துவிட்டது என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. குலவைச் சத்தம் தகரக் கூரையை அதிர வைத்தது.

தேவன் கவசத்தை எடுத்து இடுக்கிக்கொண்டு நல்லசாமி முன்னால் வந்து கையை நீட்டினான்.

நல்லசாமி சட்டைப் பையிலிருந்து கோயில் சாவியை எடுத்து, தலையைக் குனிந்தபடி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

தேவன் அதைப் பையில் போட்டுக்கொண்டான். கையை மறுபடியும் நீட்டினான்.

“அதான் கொடுத்துட்டனேப்பா.”

“வெள்ளத்துல போனதையும் கொடுங்கண்ணே,” என்றான் தேவன்.